மூன்று பச்சைச் சிங்கங்களும் உதயகிரிக் கல்லறையும்

என் மேசையில் இரண்டு வாரமாக ஒரு பல்புக்குக் கீழே ஒரு நைட் காய்ந்துகொண்டிருக்கிறார். உயரம் 54 மில்லிமீட்டர். சுட்டுவிரல் அளவுதான். உடல் முழுக்க இரும்புக் கவசம், அதற்கு மேல் இறுகப் பிடித்த வெள்ளை மேலங்கி, மேலங்கியில் மூன்று பச்சைச் சிங்கங்கள். பெயர் கில்பர்ட் டிலனாய். 1415-ல் பிரான்சில் நடந்த அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டவர்.

டிலனாய் என்ற பெயரைக் கேட்டால் நம் மாவட்டத்துக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகி இருக்கிறாரே, அந்த டிலனாய். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் பிடிபட்டு, பிறகு அதே மன்னருக்குப் படை நடத்தியவர். இரண்டு டிலனாய்களுக்கும் நடுவே 326 வருடம்.

இந்த உருவத்தை நான் தீட்ட ஆரம்பித்ததே அவர்கள் இருவரும் ஒரே குடும்பம் என்று நம்பித்தான். நம்பியதோடு நிற்கவில்லை, அச்சிலும் ஏற்றிவிட்டேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஊர் விழா மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "ஐரோப்பாவின் புகழ்பெற்ற நைட் வம்சத்தில் வந்த டிலனாய்" என்று முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்தேன். போன வருடம் ஒரு பேச்சுப்போட்டியில் ஒரு மாணவி அந்த வரியை அப்படியே மனப்பாடமாகச் சொன்னாள். பரிசும் வாங்கினாள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் கைதட்டினேன், ஆனால் உள்ளுக்குள் கூசியது. ஏனென்றால் அதற்குள் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைத் திருத்துவதற்காக.

கோட்டைக்குள் இருப்பவர்

முதலில் உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

எயுஸ்தாக்கியுஸ் பெனடிக்டஸ் டிலனாய். டச்சுக்காரர் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பிறந்தது அராஸ் நகரில். இன்றைய வட பிரான்ஸ். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் நெதர்லாந்துக்கு வெளியே பிறந்தவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் இவர். கத்தோலிக்கர்.

சண்டைக்குக் காரணம் மிளகு. மார்த்தாண்டவர்மா ஒவ்வொரு சிற்றரசாகப் பிடித்துக்கொண்டே வடக்கே போனால் மிளகு வியாபாரம் மொத்தமும் அவர் கைக்குப் போய்விடும் என்று கம்பெனி பயந்தது. இலங்கையில் கவர்னராக இருந்த வான் இம்ஹாஃப் நேரில் வந்து மிரட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. கம்பெனிப் படை குளச்சலில் இறங்கி இரணியல் வரைக்கும் வந்தது. திருவிதாங்கூர்ப் படை திரும்ப நெருக்கி, அவர்களைக் குளச்சலில் அவர்கள் போட்டிருந்த அரணுக்குள்ளேயே முடக்கியது. 1741 ஆகஸ்டில் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். பிடிபட்ட ஐரோப்பியர்களில் டிலனாயும் ஒருவர்.

அதற்குப் பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை. திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறைக் கவாத்தும் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுத்தார். உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் புதுப்பிக்கப்பட்டது. உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறை இருந்தது. கன்னியாகுமரிப் பக்கம் வட்டக்கோட்டையிலும், வடக்கே பிற்காலத்தில் திப்புவின் படையைத் தடுத்து நின்ற நெடுங்கோட்டையிலும் அவர் கை உண்டு. மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்றார்கள். பெரிய கேப்டன் என்று பொருள். பத்மநாபபுரம் அரண்மனை அதிகாரியாக இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனதும் இவரோடு ஏற்பட்ட பழக்கத்தால்தான். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த தேவசகாயம், 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

டிலனாய் 1777 ஜூன் 1-ம் தேதி உதயகிரியில் இறந்தார். கோட்டைக்குள் இருந்த சிற்றாலயத்தில் அடக்கம். கூரை போய்விட்டது. கல்லறைக் கல் இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது.

இது போதுமான கதைதான். ஆனால் எனக்குப் போதவில்லை.

அண்ணன் தம்பி மூவர்

லனாய் என்பது ஓர் ஊர். வட பிரான்சில் லில் நகரத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. அராஸிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 50 கிலோமீட்டர்; நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போவதைவிடக் கம்மி. அந்த ஊரை வைத்துப் பெயர் பெற்ற ஒரு பிரபுக் குடும்பம் இடைக்காலத்தில் இருந்தது. 1430-ல் பர்கண்டி அரசாண்ட கோமகன் பிலிப், பொன் ஆட்டுத்தோல் அணி என்று நைட்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். முதலில் சேர்க்கப்பட்டவர்கள் 24 பேர். அந்த 24-ல் மூன்று பேர் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள்: யூக், கில்பர்ட், போதுவான். மூவரும் டிலனாய்.

இதில் போதுவானை நாம் இன்றும் முகம் பார்க்கலாம். பெர்லின் ஓவியக்கூடத்தில் யான் வான் எய்க் 1435 வாக்கில் தீட்டிய அவர் படம் இருக்கிறது. ஓக் பலகையில் எண்ணெய் வண்ணம். உயரம் 26 சென்டிமீட்டர் அளவுதான். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய கறுப்புத் தொப்பி, ரோமம் வைத்துத் தைத்த சரிகை அங்கி, கழுத்தில் பொன் ஆட்டுத்தோல் ஆரம், கையில் ஒரு கோல். அவருக்குத் "திக்குவாயர்" என்று பட்டப்பெயர் உண்டு. 1428-ல் பிலிப்புக்குப் பெண் கேட்டுப் போர்ச்சுகலுக்குப் போன தூதுக்குழுவில் போதுவானும் இருந்தார், வான் எய்க்கும் இருந்தார். பெண்ணை நேரில் பார்த்து வரைந்து அனுப்புவது ஓவியர் வேலை.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டவர் நடுவில் உள்ள கில்பர்ட். 1415 அக்டோபர் 25, அஜின்கோர்ட். முழங்காலிலும் தலையிலும் காயம்பட்டு, செத்தவர்களோடு செத்தவராகக் கிடந்தார். ஆங்கிலேயர் தேடி எடுத்து, வேறு சில கைதிகளோடு ஒரு வீட்டில் போட்டார்கள். பிரெஞ்சுக்காரர் மறுபடி தாக்க வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் ஆங்கிலேய மன்னர் ஐந்தாம் ஹென்றி கைதிகளைக் கொல்ல உத்தரவிட்டார். அந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள். கில்பர்ட் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்தார். மறுபடி பிடிபட்டார். மீட்புப் பணம் கட்டித்தான் விடுதலை. இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இனிமேல்தான் விசேஷம். ஆறு வருடம் கழித்து, அதே ஐந்தாம் ஹென்றிக்காகவும் பிலிப்புக்காகவும் கில்பர்ட் எகிப்து, சிரியா துறைமுகங்களை வேவு பார்க்கப் போனார். எந்த ராஜாவின் உத்தரவால் எரிய வேண்டியவரோ, அந்த ராஜாவுக்கே ஊழியம்.

பார்த்தீர்களா? போரில் பிடிபடுகிறார், பிடித்தவருக்கே வேலை செய்கிறார். உதயகிரி டிலனாயின் கதைக்கு அச்செடுத்த மாதிரி. அஜின்கோர்ட்டும் அராஸும் இன்று ஒரே மாவட்டத்தில் வேறு இருக்கின்றன. இன்னும் இருக்கிறது: 1525-ல் பவியா போரில் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் தோற்றுச் சரணடைந்தது யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் குடும்பத்துச் சார்லஸ் டிலனாயிடம். ஒரு ராஜா டிலனாயிடம் சரணடைகிறார். 216 வருடம் கழித்து ஒரு டிலனாய் நம் ராஜாவிடம் சரணடைகிறார். பத்மநாபபுரம் அரண்மனையில் அந்தச் சரணாகதியைக் காட்டும் பிற்கால ஓவியம் ஒன்றுண்டு. அதையும் பவியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த விழா மலர்க்காரருக்குத்தான் கை துறுதுறுக்காது? எனக்கும் துறுதுறுத்தது. எழுதிவிட்டேன்.

ஈயமும் எண்ணெயும்

இந்தப் பித்து முற்றிய காலத்தில்தான் பொம்மையை வரவழைத்தேன். வெள்ளீயம் கலந்த உலோக வார்ப்பு. 1415 காலத்து நைட், நின்ற கோலம், முகமூடி தூக்கியிருக்கிறது. எந்த நைட் என்பதைத் தயாரித்தவர் சொல்வதில்லை. அதை வாங்குபவர் முடிவு செய்யலாம். மேலங்கியில் யாருடைய இலச்சினையைத் தீட்டுகிறோமோ அவர்தான் இவர்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சு விளிம்புகளை அரத்தால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரைமர் அடிக்க வேண்டும். கவசம் வரும் இடங்களில் நான் பிரைமர் அடிக்கவில்லை. உலோகத்தையே பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, அதன் மேல் கறுப்பும் பழுப்பும் கலந்த எண்ணெய் வண்ணத்தை நீர்க்கத் தடவி, துணியால் துடைத்தேன். பள்ளங்களில் இருட்டு தங்கும், மேடுகளில் உலோகம் மின்னும். உலோகத்துக்கு உலோகமே நிறம். முகத்துக்கு வெள்ளை, மஞ்சள் காவி, செங்காவி மூன்றும் போதும். கண்ணுக்குப் புள்ளி வைக்கும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஏன் எண்ணெய், அக்ரிலிக் போதாதா என்று கேட்பார்கள். அக்ரிலிக் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் மணிக்கணக்காக ஈரமாக இருக்கும். இரண்டு நிறங்களை அடுத்தடுத்து வைத்து, உலர்ந்த தூரிகையால் எல்லையை மெல்லத் தட்டினால் ஒன்றுக்குள் ஒன்று கரையும். துணி மடிப்பும் கன்னத்து நிழலும் அப்படித்தான் வருகின்றன. விரல் அளவு உருவத்தில் வெளிச்சம் தானாக நிழல் போடாது. நாம்தான் தீட்ட வேண்டும்.

எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது போல ஆவியாவதால் அல்ல. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கெட்டிப்படுகிறது. எல்லா எண்ணெய்க்கும் இந்தக் குணம் கிடையாது. நம்ம ஊர்த் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் கொல்லம் ஆண்டு எத்தனை கழிந்தாலும் காயாது. பழுப்புக் காவியில் மாங்கனீசு இருப்பதால் அது சீக்கிரம் காயும். டைட்டானியம் வெள்ளைக்கு ஒரு வாரமாவது வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவசரப்பட்டேன்.

டிலனாய் குடும்ப இலச்சினை இதுதான்: வெள்ளிப் புலத்தில் மூன்று பச்சைச் சிங்கங்கள், மேலே இரண்டு, கீழே ஒன்று, பின்னங்காலில் எழுந்து நிற்கின்றன. தலையில் பொன்முடி, நாக்கும் நகமும் சிவப்பு. இளைய மகன்கள் அதில் ஏதாவது வேறுபாட்டுக் குறி சேர்ப்பது வழக்கம். இந்த அளவில் நான் குடும்ப மூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கு வெள்ளை அடிப்பது மரபு. வெள்ளையை அடித்தேன். ஐப்பசி மழை. நமக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே, வீடே ஈரம். நான்காம் நாள் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரி இருந்தது. சிங்கத்தை ஆரம்பித்தேன். ஒவ்வொரு சிங்கமும் ஓர் அரிசி மணி நீளம். மூன்றாவது சிங்கத்தின் வாலில் தூரிகை கொஞ்சம் அழுந்தியது; அடியில் இருந்த வெள்ளை கையோடு வந்துவிட்டது. துடைக்கப் போய் மூன்று சிங்கமும் கலங்கி, மேலங்கி முழுக்கப் பாசி பிடித்த படித்துறை போல ஆனது. டர்பென்டைன் போட்டு எல்லாவற்றையும் பிரைமர் வரைக்கும் வழித்தெடுத்தேன்.

மறுபடி வெள்ளை. இந்த முறை ஒரு அட்டைப்பெட்டிக்குள் பல்பைத் தொங்கவிட்டு, இரண்டு வாரம் தொடுவதில்லை என்று முடிவு. அந்த இரண்டு வாரத்தில் செய்ய வேறு வேலை இல்லாததால், செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன்.

நடுவில் உள்ள வரிசைகள்

ஓர் அட்டவணை போட்டேன். முதல் வரிசையில் கில்பர்ட், இறப்பு 1462. கடைசி வரிசையில் நம் டிலனாய். நடுவில் சுமார் 250 வருடம். தலைமுறைக்கு 25, 30 வருடம் என்றால் எட்டுப் பத்துப் பேர் வேண்டும். ஒவ்வொருவரும் முந்தியவரின் பிள்ளை என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும்: ஞானஸ்நானப் பதிவோ, கல்யாணப் பதிவோ, சொத்துப் பத்திரமோ. விழா மலர்க் கட்டுரையை எழுதியபோது என் கையில் இருந்த காகிதம் எத்தனை? பூஜ்யம். பெயர் ஒன்றாக இருந்தது. அதை வைத்து எட்டுப் பத்துத் தலைமுறையைத் தாண்டிவிட்டேன்.

என் வேலையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரமே சொல்லும் பாடம், இரண்டு டேபிள்களைப் பெயரை வைத்து இணைக்காதே என்பது. ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அடையாள எண்ணை வைத்துத்தான் இணைக்க வேண்டும். வரலாற்றுக்கு வந்ததும் அந்தப் பாடத்தை நானே மறந்துவிட்டேன்.

"டி லனாய்" என்றால் "லனாய் ஊரைச் சேர்ந்த" என்றுதான் அர்த்தம். பிரபுவும் அப்படிப் பெயர் வைத்துக்கொள்ளலாம், அந்த ஊரை விட்டுப் பிழைக்கப் போன நெசவாளியும் வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் இல்லாத வழக்கமா? நாஞ்சில் மனோகரன் என்று ஓர் அரசியல்வாதி இருந்தார். நாஞ்சில் நாடன் என்று ஓர் எழுத்தாளர் இருக்கிறார். 300 வருடம் கழித்து ஏதோ ஒரு தேசத்தில் உட்கார்ந்து ஒருவன், "நாஞ்சில் என்ற புகழ்பெற்ற வம்சத்தில் வந்த இருவர்" என்று எழுதினால் நாம் சிரிக்க மாட்டோமா? நான் செய்தது அதேதான்.

அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் டிலனோ ரூஸ்வெல்ட்டின் நடுப்பெயரும் இதுதான். 1621-ல் பிளிமத் குடியேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்த பிலிப் டிலனாய் என்பவர் வழியாக, அவர் தாயார் குடும்பத்துக்கு வந்த பெயர். இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிலிப்பிலிருந்து ரூஸ்வெல்ட் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பெயர் சொல்ல முடிகிறது. அதனால் அது வரலாறு. பிலிப்பும் உதயகிரி டிலனாயும் உறவு, ரூஸ்வெல்ட் நம் கோட்டைக்காரருக்குப் பேரன் முறை என்று யாராவது சொன்னால் அது வரலாறு இல்லை, வாட்ஸ்அப்.

இப்படி ஒருவர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றி வைக்கும் ஆசை படித்தவர்களுக்கும் வரும். எண்ணெய் ஓவியத்தைக் கண்டுபிடித்தவர் வான் எய்க் என்று 16-ம் நூற்றாண்டில் இத்தாலியின் வசாரி எழுதினார். அழகான கதை, பல தலைமுறை நம்பியது. ஆனால் வான் எய்க்குக்கு 300 வருடம் முந்தியே தியோபிலஸ் என்ற துறவி எண்ணெயில் வண்ணம் குழைப்பதை எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முந்தி, ஆப்கானிஸ்தான் பாமியான் குகைகளில் 7-ம் நூற்றாண்டு பௌத்த ஓவியங்களில் காயும் எண்ணெய் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-ல் அறிவித்தார்கள். வான் எய்க் எண்ணெயைக் கண்டுபிடிக்கவில்லை. அதை வைத்து அதுவரை யாரும் செய்யாததைச் செய்தார். இதனால் அவர் பெருமை குறைந்துவிட்டதா என்ன?

அதே விழா மலரில் நான் எழுதிய இன்னொரு வரிக்கும் இது பொருந்தும். "ஆசியாவில் ஓர் ஐரோப்பிய சக்தியை முதன்முதலில் தோற்கடித்த போர் குளச்சல்" என்று எழுதியிருந்தேன். பலரும் எழுதுகிறார்கள். ஆனால் இதே டச்சுக் கம்பெனியை 1662-லேயே ஜெங் செங்கோங் என்ற சீனத் தளபதி ஒன்பது மாத முற்றுகைக்குப் பிறகு தைவானிலிருந்து வெளியேற்றிவிட்டார். குளச்சலுக்கு "முதல்" பட்டம் தேவையே இல்லை. மலபார் மிளகைத் தன் பிடிக்குள் வைக்க நினைத்த கம்பெனியின் திட்டம் இந்தக் கடற்கரையில் ஒடிந்தது. 1753-ல் மாவேலிக்கரையில் திருவிதாங்கூரோடு சமாதான உடன்படிக்கை போட வேண்டிவந்தது. இது நடந்த உண்மை. பட்டம் இல்லாமலே நிற்கும்.

கல் சொல்வது

வெள்ளை காய்ந்தது. சிங்கங்களைத் தீட்டினேன். வான் எய்க் காலத்தில் நல்ல பச்சை வேண்டும் என்றால் செம்புத் தகட்டை வினிகர் ஆவியில் வைத்து, அதில் படியும் களிம்பைச் சுரண்டி எடுப்பார்கள். நம் வீட்டுச் செம்புப் பானையில் புளி பட்டால் பிடிக்குமே, அதே ஜாதிக் களிம்புதான். காலப்போக்கில் அது பழுப்பேறிவிடும் என்பதால் பழைய ஓவியங்களில் பல பச்சைகள் இன்று காய்ந்த இலை நிறத்தில் இருக்கின்றன. நான் ட்யூபில் வரும் பச்சையோடு கொஞ்சம் மஞ்சள் காவி சேர்த்துக்கொண்டேன். இந்த முறை வால் வரைக்கும் ஒழுங்காக வந்தது.

தீட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை உதயகிரிக்குப் போனேன். தக்கலையில் இருக்கும் மாமாவும் கூட வந்தார். கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான், மயில், குடும்பம் குடும்பமாக வருபவர்கள். சிற்றாலயத்துக்குள் கல்லறை பக்கம் கூட்டம் குறைவு.

மாமா கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மக்கா, இவரு அங்க பெரிய எடத்துப் பிள்ளையாக்கும் இல்லியா? நீதான மலர்ல எழுதியிருந்த?"

"அது தப்பு மாமா. ஆதாரம் இல்லாம எழுதிட்டேன்."

"பின்ன கல்லுல என்னதான் போட்டிருக்கு?"

லத்தீனில் உள்ளதைச் சொன்னேன். வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. இங்கே கிடப்பவர் எயுஸ்தாக்கியுஸ் பெனடிக்டஸ் டிலனாய். திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியாக இருந்தார். ஏறக்குறைய 37 வருடம் அரசருக்கு உண்மையாக ஊழியம் செய்தார். காயங்குளம் தொடங்கி கொச்சி வரைக்கும் உள்ள நாடுகளை ஆயுத பலத்தால் அவருக்குக் கீழ்ப்படுத்தினார். இத்தனை வயது வாழ்ந்தார், இன்ன தேதியில் இறந்தார். அவ்வளவுதான்.

"தகப்பன் பேரு?"

"இல்ல."

"குடும்பப் பேரு, தறவாட்டுப் பெருமை?"

"ஒண்ணும் இல்ல மாமா. செஞ்ச வேலையத்தான் எழுதியிருக்கு."

"அது போராதா மக்கா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. நம் பக்கத்தில் ஒரு புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வியே "நீ ஆருக்க மவன்?" என்பதுதான். கில்பர்ட் போட்டிருக்கும் மேலங்கியும் அந்தக் கேள்விக்கான பதில்தான். முகமூடியை இறக்கிவிட்டால் ஆள் தெரியாது. மூன்று பச்சைச் சிங்கம் மட்டும் தெரியும். இவர் இன்னார் வீட்டுப் பிள்ளை, பணம் வரும், கொல்லாமல் பிடி என்று போர்க்களத்தில் சொல்லும் துணி அது. கில்பர்ட் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உதயகிரியில் கிடப்பவருக்கு அப்படி ஒரு துணி இருந்ததாக நான் காட்ட நினைத்தேன். ஏன் என்று யோசித்தால், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. நம் ராஜாவிடம் சரணடைந்தவர் சாதாரணச் சிப்பாயாக இல்லாமல் பெரிய வம்சத்துக்காரராக இருந்தால் நம் வெற்றிக்கும் பெருமை கூடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. கவாத்து பழகியவர்களும் பீரங்கி வார்த்தவர்களும் மதில் கட்டக் கல் சுமந்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள். அவர்களோடு 36 வருடம் வெயிலில் நின்றவர் அவர். அவர்களில் ஒருவருக்கும் வம்சாவளி தேவைப்படவில்லை. எழுத உட்கார்ந்த எனக்குத்தான் தேவைப்பட்டது.

மலர்க் குழுவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அடுத்த மலரில் இரண்டு வரிகளையும் திருத்திப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சுப்போட்டி மாணவியின் ஆசிரியருக்கும் சொல்லி அனுப்பினேன். கல்லறையில் எழுதியிருப்பதை அவளுக்காகத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை பேசினால் அதைப் பேசட்டும்.

பொம்மையின் அடிக்கட்டையில் ஒட்டப் பித்தளைத் தகடு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். "அஜின்கோர்ட்டிலிருந்து உதயகிரி வரை" என்று பொறிக்க ஆறு மாதம் முன்பே முடிவு செய்த வாசகம் இருந்தது. கடையில் கொடுக்கும்போது மாற்றிவிட்டேன். இப்போது அதில் "கில்பர்ட் டிலனாய், 1415" என்று மட்டும் இருக்கிறது.